ஜனவரியில் 640, இப்போது 8,400: இதயச் செயலிழப்பில் இரத்தப் பரிசோதனை எண்களை எப்படிப் படிப்பது?

தீவு_மகன் · ஞாயிறு, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில், செந்தூலில் வசிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 71, எடை 58 கிலோ. இருபது ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. 2019-இல் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கடந்த வியாழன் விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறார். அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தீவிலேயே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயச் செயலிழப்பு திடீரென முற்றியிருக்கிறது என்று சொல்லி வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லோரையும் ஆட்டிவைப்பது ஓர் எண்தான். ஜனவரியில் அப்பா என்னோடு தங்கியிருந்தபோது இங்கே எடுத்த இதயத்துக்கான இரத்தப் பரிசோதனையில் 640 என்று வந்தது. இப்போது 8,400. ஏழு மாதத்தில் பதின்மூன்று மடங்கு! வார்டிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர் "இந்த எண் மிகவும் மோசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் தங்கை அன்றிலிருந்து உறங்கவில்லை.

மற்ற எண்களையும் தருகிறேன். சேர்த்தபோது மேல் இரத்த அழுத்தம் 138. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் டி 48, மூன்று மணி நேரம் கழித்து 51. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் யூரியா 11.8, கிரியேட்டினின் 148, சோடியம் 134, ஹீமோகுளோபின் 10.6. பிப்ரவரியில் பழைய இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் கொடுத்தார்கள்.

இரண்டு கேள்விகள். இந்த எண்களை வைத்து அப்பா எப்படித் தேறுவார் என்று உண்மையிலேயே சொல்ல முடியுமா? எஸ்டி2, கலெக்டின்-3 என்று கூடுதல் இரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றனவாம், சில நூறு ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். அவற்றையும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

ஊதாமூடி · ஞாயிறு, இரவு 10.52

தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஜனவரி அறிக்கையை எடுத்து, 640 என்ற எண்ணுக்கு இடப்பக்கத்தில் பரிசோதனையின் பெயர் என்னவென்று அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிஎன்பி என்றா, என்டி-புரோபிஎன்பி என்றா? அது தெரியாமல் மேற்கொண்டு எதுவும் பேச முடியாது.

தீவு_மகன் · ஞாயிறு, இரவு 11.20

அக்கா, ஜனவரி அறிக்கையில் பிஎன்பி என்று இருக்கிறது. இப்போதைய அறிக்கையைத் தங்கை படம் எடுத்து அனுப்பினாள், அதில் என்டி-புரோபிஎன்பி. இரண்டும் ஒன்றின் சுருக்கம்தான் என்று நினைத்தேன். இல்லையா?

ஊதாமூடி · ஞாயிறு, இரவு 11.58

இல்லை. நீங்கள் அரிசியைப் படியிலும் பருப்பைக் கிலோவிலும் அளந்துவிட்டு எது கூடுதல் என்று கேட்கிறீர்கள். நான் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த ஒரு குழப்பத்தால் அழுதுகொண்டே கவுன்டருக்கு வந்தவர்களை எண்ணிச் சொல்ல முடியாது.

இதயத்தின் கீழறைச் சுவர், உள்ளே தேங்கும் இரத்தத்தின் அழுத்தத்தால் இழுபடும்போது, அங்குள்ள தசைச் செல்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்னோடிப் புரதத்தை உண்டாக்குகின்றன. அது இரண்டாக வெட்டுப்படுகிறது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுதான் பிஎன்பி. அது உண்மையான ஹார்மோன்; சிறுநீரில் உப்பை வெளியேற்றி இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலை. மிச்சமுள்ள 76 அமினோ அமிலத் துண்டுதான் என்டி-புரோபிஎன்பி. அதற்கென்று உடலில் வேலை எதுவும் கிடையாது. ஆனால் பிஎன்பி இரத்தத்தில் இருபது நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். வேலையற்ற துண்டோ ஒன்றிரண்டு மணி நேரம் தங்கிப் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகக் கழிகிறது. ஆகவே ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் எடுத்தாலும் இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பல மடங்கு பெரிதாகவே இருக்கும். இதனால் பெருக்கினால் அது வரும் என்று சொல்லக்கூடிய நிலையான விகிதமும் இல்லை. வயது, சிறுநீரகம், எடை என ஒவ்வொன்றும் அந்த விகிதத்தை மாற்றும். உங்கள் "பதின்மூன்று மடங்கு" என்பது கணக்கே அல்ல.

பெயரைக் கேட்டு இது மூளைப் பரிசோதனையா என்று கேட்பவர்களும் உண்டு. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முதலில் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிறகுதான் இதயமே இதன் பெரிய ஊற்று என்று தெரியவந்தது.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. சாக்குபிட்ரில் என்பது நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கும் மருந்து. பிஎன்பியைச் சிதைக்கும் நொதிகளில் அதுவும் ஒன்று. ஆகவே அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இதயத்தில் எந்தக் கெடுதலும் நேராமலேயே பிஎன்பி எண் ஏறலாம். என்டி-புரோபிஎன்பி அந்த நொதிக்கு இரையாவதில்லை. அதனால் பிப்ரவரிக்குப் பிறகு இவருக்கு என்டி-புரோபிஎன்பி பார்ப்பதுதான் பொருத்தம். அங்கே சரியான பரிசோதனையைத்தான் எடுத்திருக்கிறார்கள், அதைத் தொலைபேசியில் விளக்கத்தான் ஆள் இல்லை.

ஆய்வகப் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், என் புனைபெயரின் காரணமும் அதுவே. பிஎன்பிக்கு ஊதா மூடி போட்ட, இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ கலந்த பிளாஸ்டிக் குழாய் வேண்டும். அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அது தானே சிதைந்து எண் குறைந்துவிடும். காலையில் ஒரு கிளினிக்கில் எடுத்த இரத்தம் மாலையில் வேறோர் ஊர் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். என்டி-புரோபிஎன்பி அப்படிக் கெட்டுப்போவதில்லை. இன்னொன்று, அப்பா பயோட்டின் அதிகம் கலந்த மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா? முடிக்கும் நகத்துக்கும் விற்பார்களே, அது. சில கருவிகளில் அது என்டி-புரோபிஎன்பியையும் ட்ரோபோனினையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

தீவு_மகன் · திங்கள், காலை 6.40

அக்கா, இதைத் தங்கைக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். பயோட்டின் இல்லை. கால் மரத்துப் போவதற்காக ஒரு வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார். பெட்டியில் பி1, பி6, பி12 என்று இருக்கிறது.

ஊதாமூடி · திங்கள், காலை 7.05

அதில் பயோட்டின் கிடையாது. கவலை இல்லை.

இரவுப்பணி · திங்கள், பிற்பகல் 3.30

நான் கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். நேரில் பார்க்காத நோயாளிக்குச் சிகிச்சை சொல்ல மாட்டேன். இந்த எண்கள் எந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தவை, அவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரே எண்ணிடம் நாம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறோம். "இந்த மூச்சுத்திணறல் இதயத்தால் வந்ததா?" என்பது முதல் கேள்வி. "இவர் எப்படித் தேறுவார்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு இந்தப் பரிசோதனை நன்றாகவே பதில் சொல்லும். 2002-இல் ஆலன் மைசல் குழுவினர் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பேரிடம் பிஎன்பி அளந்து, 100 என்ற எல்லையைக் கொண்டு இதய நோயையும் நுரையீரல் நோயையும் பெருமளவு பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். என்டி-புரோபிஎன்பிக்கு ஜேம்ஸ் ஜனுஸியும் மற்றவர்களும் 2006-இல் பல நாட்டு நோயாளிகள் 1,256 பேரின் தரவைச் சேர்த்து வயதுவாரியாக எல்லை வகுத்தார்கள்: 50 வயதுக்குக் கீழே 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800. எந்த வயதானாலும் 300-க்குக் கீழே இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பு பெரும்பாலும் இல்லை என்று ஒதுக்கிவிடலாம். உங்கள் அப்பாவின் 8,400 இந்தக் கேள்விக்கு ஐயமின்றி "ஆம்" என்கிறது. அந்த அளவில் அது தன் வேலையை முடித்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு அதே 2006 ஆய்வில் ஒரு பதில் உண்டு. சேர்க்கும்போது 5,180-க்கு மேல் இருந்தவர்கள் 76 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. வார்டில் பேசியவர் மனத்தில் இதுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண் எதனால் எல்லாம் ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 148 என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, என்டி-புரோபிஎன்பி கழிய வேண்டிய வழியே குறுகியிருக்கிறது. வயது ஏற்றும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனாலும் ஏறும். உடல் பருமனோ குறைக்கும். 58 கிலோ எடையுள்ள மெலிந்த மனிதருக்கும் 96 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தராது. பருமனானவர் 700 என்ற எண்ணோடு வந்து, நுரையீரல் நிறைய நீரோடு திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிய நாடுகளில் நடந்த ஏஷியன்-எச்எஃப் பதிவேட்டில், மெலிந்த உடலும் நீரிழிவும் சேர்ந்த நோயாளிகள் தனி வகையாகவே தெரிந்தார்கள், அவர்கள் நிலை நன்றாகவும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததை நினைத்தால், இந்த வகையினர் நம் வீடுகளில் குறைவாக இருக்க மாட்டார்கள்.

இனி யாரும் கண்டுகொள்ளாத எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் அட்ஹியர் என்ற பெரிய பதிவேடு இருந்தது. திடீர் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்டவர்களில் யார் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள் என்று அதன் தரவைக் கொண்டு 2005-இல் ஆராய்ந்தார்கள். பல பத்துக் காரணிகளைப் போட்டுச் சலித்ததில் மேலே வந்து நின்றவை மூன்று: யூரியா, மேல் இரத்த அழுத்தம், கிரியேட்டினின். நம் அளவுமுறைக்கு மாற்றினால் யூரியா சுமார் 15.3-க்கு மேல், அழுத்தம் 115-க்குக் கீழ், கிரியேட்டினின் சுமார் 243-க்கு மேல். மூன்றும் சேர்ந்தவர்களில் 100-க்கு 22 பேர் அங்கேயே இறந்தார்கள். யூரியாவும் அழுத்தமும் நல்ல பக்கம் இருந்தவர்களில் 100-க்கு 2 பேர். எந்த மாவட்ட மருத்துவமனையிலும் அரை நாளில் கிடைக்கும் பரிசோதனைகள் இவை. உங்கள் அப்பாவின் யூரியா 11.8, அழுத்தம் 138. அவர் நிற்பது இரண்டாவது பக்கத்தில்.

ட்ரோபோனினைப் பற்றி ஒரு திருத்தம். அதே பதிவேட்டில் ட்ரோபோனின் அளந்த 67,924 பேரில் 6.2 விழுக்காட்டினருக்கு அது கூடியிருந்தது. அவர்களில் 8 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இறந்தார்கள், கூடாதவர்களில் 2.7 விழுக்காட்டினர். 2008-இல் வந்த இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைய 48-ஐப் பார்த்தால் பயம் வரும். ஆனால் அன்றைய பரிசோதனை முரடானது, ட்ரோபோனின் டி லிட்டருக்கு 100 நானோகிராம் வந்தால்தான் அவர்கள் "கூடியது" என்று எழுதினார்கள். இன்றைய நுண் பரிசோதனையின் மேல் எல்லை 14. திணறலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது தாண்டித்தான் இருக்கும். 48, பிறகு 51 என்று அசையாமல் நிற்பது புதிய மாரடைப்பின் போக்கு அல்ல. இழுபட்ட தசையிலிருந்து மெல்லக் கசிவது போலத் தெரிகிறது. அவருடைய இதய வரைபடத்தோடு சேர்த்து அங்குள்ள மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

சேர்த்த அன்று வந்த எண்ணைவிட, வீட்டுக்கு அனுப்பும் அன்று என்ன எண் என்பதுதான் எனக்கு முக்கியம். 2004-இல் போர்ச்சுகலில் 182 பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு, உள்ளே இருந்த நாட்களில் என்டி-புரோபிஎன்பி 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியவர்கள், இறங்காதவர்கள், ஏறியவர்கள் என்று மூன்றாகப் பிரித்தது. அடுத்த ஆறு மாதத்தில் யார் மறுபடி வந்தார்கள், யார் இறந்தார்கள் என்பதில் மூன்று பிரிவுக்கும் நல்ல இடைவெளி இருந்தது. ஆகவே அனுப்புவதற்கு முன் ஒருமுறை எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 8.10

டாக்டர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் மருத்துவன் அல்ல, காப்புறுதி நிறுவனத்தில் இறப்பு விகிதக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவன். ஆதலால் ஒரு தடை எழுப்ப எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

100-க்கு 2 பேர் என்பது நூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பற்றிய செய்தி. இந்தத் தம்பியின் அப்பா அந்த 98-இல் இருப்பாரா, 2-இல் இருப்பாரா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நாங்கள் ஒரு வயதுக்காரர்களில் இவ்வளவு பேர் இந்த ஆண்டு இறப்பார்கள் என்று துல்லியமாகச் சொல்வோம், யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கணிப்பைக் கொண்டு நிறுவனம் பிழைக்கும். பாலிசிதாரருக்கு அதனால் ஆயுள் கூடாது. இங்கேயும் அதே சந்தேகம்தான் எனக்கு. எண் நன்றாகக் கணிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்ததால் யாராவது கூடுதல் நாள் வாழ்ந்தார்களா? வாழவில்லை என்றால் மறுபடி மறுபடி அளந்து குடும்பத்தை ஏன் கலக்க வேண்டும்?

இரவுப்பணி · செவ்வாய், அதிகாலை 4.20

ஐயா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். வார்டு இப்போது அமைதியாக இருப்பதால் எழுதுகிறேன்.

நேரடியான பதில் உங்களுக்குச் சாதகமானது. கைட்-இட் என்ற ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பலவீனமான இதயம் கொண்ட 894 பேரில் பாதிப் பேருக்கு என்டி-புரோபிஎன்பியை 1,000-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற குறியோடு மருந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான முறை. இருபக்கமும் மறுசேர்க்கையோ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் 37 விழுக்காடு, பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த பிரைமா-2 நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. திடீர்ச் செயலிழப்போடு சேர்ந்த சுமார் 400 பேரில் ஒரு பாதிக்கு 30 விழுக்காடு இறக்கம் என்பதையே குறியாக வைத்துச் சிகிச்சை செய்தார்கள். ஆறு மாத முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. நான் மேலே பெருமையாகச் சொன்ன அதே 30 விழுக்காடுதான்.

ஆனால் இதற்குப் பிறகு 2022-இல் ஸ்ட்ராங்-எச்எஃப் வந்தது. திடீர்ச் செயலிழப்பிலிருந்து தேறி வீடு திரும்பும் 1,078 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே முழு அளவில் பாதி மருந்து, இரண்டு வாரத்தில் முழு அளவு, 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் நேரில் வரவழைத்துப் பரிசோதனை. ஆறு மாதத்தில் மரணமோ இதயச் செயலிழப்பால் மறுசேர்க்கையோ 23.3 விழுக்காட்டிலிருந்து 15.2 ஆகக் குறைந்தது. இங்கே என்டி-புரோபிஎன்பியை யாரும் துரத்தவில்லை. யாரைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவும், வாரா வாரம் மருந்தைக் கூட்டுவது பத்திரமா என்று பார்க்கவுமே பயன்படுத்தினார்கள். எண் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பானைக் கூட்டாமல், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைக் கவனித்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். இந்த எண்ணைக் குறியாக வைத்துச் சிகிச்சை செய்வதில் பயன் தெரியவில்லை. யாரை முதல் வாரத்திலேயே திரும்ப வரவழைக்க வேண்டும், யாரை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும் என்று பிரிக்க அது எனக்கு உதவுகிறது. கிளினிக்கில் இடம் குறைவாக உள்ள ஊரில் அதுவும் சின்ன உதவி அல்ல.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், காலை 9.00

அதை ஏற்றுக்கொள்கிறேன். பிரீமியத்தை நிர்ணயிக்க அல்ல, யார் வீட்டுக்கு முதலில் ஆளனுப்புவது என்று தீர்மானிக்க. அப்படியென்றால் கணக்குக்கு ஒரு வேலை இருக்கிறது.

பழைய_மிஸ்ஸி · செவ்வாய், காலை 11.15

முப்பத்திரண்டு ஆண்டுகள் வார்டில் தாதியாக இருந்தேன். அவற்றில் முதல் பாதியில் இந்தப் பரிசோதனைகள் எதுவும் எங்களிடம் இல்லை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், காலை அமுக்கினால் எவ்வளவு குழி விழுகிறது, இரவில் சிறுநீர்ப் பை எவ்வளவு நிறைந்தது, காலையில் தராசு என்ன காட்டுகிறது, இவ்வளவுதான். இப்போதும் அவற்றை விட்டுவிட்டு அறிக்கையை மட்டும் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் குழி மறைந்த பிறகும் உள்ளே நீர் மிச்சமிருக்கும் என்பதையும், அப்படி வீட்டுக்குப் போனவர்கள் பத்தே நாளில் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லும் கடைசி நாள் எண் அந்த இடத்தில் உதவும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரத்தம் அல்லாத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். நீர் ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீரில் சோடியம் அளக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. 50 முதல் 70-க்குக் கீழே இருந்தால் ஊசியின் அளவு போதவில்லை என்று 2021 ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. இரண்டே மணி நேரத்தில் பதில். மருந்தை உடனே மாற்றலாம். கணக்குப்பிள்ளை ஐயா கேட்ட "அதனால் என்ன செய்யலாம்" என்பதற்கு இது சரியாக விடை சொல்கிறது.

மகனே, ஹீமோகுளோபின் 10.6 என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தீவு_மகன் · வியாழன், இரவு 9.45

அப்பா இன்று வீட்டுக்கு வந்துவிட்டார். நான் நேற்றே பாலம் தாண்டி வந்துவிட்டேன். நேரில் பார்த்த மருத்துவர் பொறுமையாகப் பேசினார். நாங்கள் கேட்கும் முன்பே என்டி-புரோபிஎன்பியை மறுபடி எடுத்திருந்தார்கள்: 4,950. அதாவது 41 விழுக்காடு இறக்கம். எடை 58-இலிருந்து 53.5 ஆகியிருக்கிறது. அப்படியென்றால் அந்த 58-இல் நாலரைக் கிலோ தண்ணீர். சோடியம் 137. யூரியா மட்டும் 13.1 ஆக ஏறியிருக்கிறது, கிரியேட்டினின் 156.

மிஸ்ஸி அம்மா சொன்னதைக் கேட்டேன். ஃபெரிட்டின் 85. இரும்புச் சத்து குறைவு என்று சொல்லி அடுத்த வாரம் நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்ற நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

யூரியா ஏறியது கெடுதலா? 4,950 என்பது இன்னமும் பெரிய எண்தானே? கூடுதல் பரிசோதனைகள் பற்றி நான் கேட்க மறந்துவிட்டேன்.

இரவுப்பணி · வெள்ளி, காலை 8.30

நல்ல செய்தி. வரிசையாகச் சொல்கிறேன்.

நாலரைக் கிலோ நீர் வெளியேறும்போது யூரியாவும் கிரியேட்டினினும் சிறிது ஏறுவது வழக்கம். நீர் தேக்கம் நன்றாக வடிந்துகொண்டிருக்கையில் வரும் சிறிய ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து நீர் மாத்திரையை நிறுத்துவதுதான் பிழை. ஆனால் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பொட்டாசியத்தோடு சேர்த்து.

4,950 பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. எவ்வளவு இறங்கியது என்பதும் எங்கே வந்து நின்றது என்பதும் தனித்தனிச் செய்திகள். 2014-இல் ஏழு ஆய்வுகளின் 1,301 நோயாளிகளைச் சேர்த்து எலான்-எச்எஃப் என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். அதில் 30 விழுக்காடு இறங்கவில்லை என்றால் ஒரு புள்ளி. அது தவிர, வெளியேறும்போது 1,500 முதல் 5,000 வரை, 5,000 முதல் 15,000 வரை, அதற்கு மேல் என்று எண் நிற்கும் இடத்துக்கும் ஏறுவரிசையில் புள்ளிகள். அவற்றோடு 75 வயது, கால் வீக்கம், 115-க்குக் குறைந்த அழுத்தம், 135-க்குக் குறைந்த சோடியம், 15-க்கு மேற்பட்ட யூரியா, இன்னும் மூச்சு வாங்குகிறதா என்பது. கவனியுங்கள், உயர்ந்த தொழில்நுட்பத்தோடு மிஸ்ஸி அம்மா பார்க்கும் கால் குழியும் மூச்சு வாங்குதலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தே நிற்கின்றன. உங்கள் அப்பா அதில் நல்ல பகுதியில் இருக்கிறார், மிக நல்ல பகுதியில் அல்ல. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த எண் ஒருபோதும் சில நூறுக்கு வராமலே போகலாம். அதற்காக வருந்த வேண்டாம்.

இரும்புக்கான எல்லையும் இதயச் செயலிழப்பில் வேறு. ஃபெரிட்டின் 100-க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம், ஏனெனில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடும். 2020-இல் வந்த அஃபர்ம்-ஏஎச்எஃப் ஆய்வு இந்த நிலையிலிருந்த 1,108 பேரில் சுமார் பாதிப் பேருக்கு வீடு திரும்பும் முன் நரம்பு வழியே இரும்பு கொடுத்துப் பார்த்தது. முக்கிய முடிவு மயிரிழையில் தவறினாலும் மறுசேர்க்கைகள் குறைந்தன.

ஊதாமூடி · வெள்ளி, பிற்பகல் 1.10

கூடுதல் பரிசோதனைகளுக்கு நான் பதில் சொல்கிறேன், விற்கும் பக்கத்தில் நிற்பவள் என்பதால்.

எஸ்டி2 உண்மையிலேயே நல்ல குறியீடு. அது இன்டர்லூக்கின்-33 என்ற புரதத்தின் ஏற்பி. இதயத் தசையைக் காக்க வரும் அந்தப் புரதத்தை இரத்தத்தில் மிதக்கும் எஸ்டி2 வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. சிறுநீரகமும் உடல் எடையும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பது அதன் சிறப்பு, கணிப்புக்கு வலுச் சேர்க்கிறது என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் எண் வந்த பிறகு மருத்துவர் எதை மாற்றுவார்? இதே மருந்துகள், இதே முதல் வார வருகை. கலெக்டின்-3 இதயத்தில் தழும்பு படிவதோடு தொடர்புடையது. சிறுநீரகம் தளர்ந்தால் அதுவும் ஏறும், உங்கள் அப்பாவுக்குப் புதிதாக எதுவும் சொல்லாது. என்கால் என்ற சிறுநீரகக் குறியீட்டை நம்பி 2016-இல் அகினேசிஸ் ஆய்வில் 927 பேரிடம் பார்த்தார்கள். சிறுநீரகக் கேட்டை முன்கூட்டிச் சொல்வதில் பழைய கிரியேட்டினினை அது மிஞ்சவில்லை. சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் சிஏ125 கூட நீர் தேக்கத்தில் ஏறுகிறது என்பதை ஸ்பெயின்காரர்கள் ஆர்வத்தோடு ஆராய்கிறார்கள். விவரம் தெரியாத ஒரு கிளினிக்கில் அதை எடுத்துவிட்டுப் புற்றுநோய் என்று பயந்து வந்த ஒரு பெரியம்மாவை நான் அறிவேன், அவருக்கு இருந்தது வயிற்றிலும் காலிலும் நீர்தான்.

அந்தச் சில நூறு ரிங்கிட்டுக்கு ஒரு நல்ல தராசும், இரத்த அழுத்தக் கருவியும் வாங்குங்கள். மிச்சமாகும்.

தீவு_மகன் · அடுத்த வெள்ளி, இரவு 8.25

முதல் வார வருகை இன்று முடிந்தது. எடை 53.2. யூரியா 12.4, கிரியேட்டினின் 150, பொட்டாசியம் 4.6. என்டி-புரோபிஎன்பி 4,610. மருத்துவர் அறிக்கையைப் பார்க்கும் முன் அம்மா எடை எழுதி வைக்கும் நோட்டைத்தான் கேட்டு வாங்கினார். பீட்டா தடுப்பானைக் கூட்டியிருக்கிறார். இரும்பு செவ்வாய்க்கிழமை ஏற்றினார்கள். தங்கை, 4,950-இலிருந்து 4,610 என்பது முன்னேற்றமா என்று கேட்கிறாள்.

ஊதாமூடி · அடுத்த வெள்ளி, இரவு 9.02

7 விழுக்காடு. எந்த மாற்றமும் இல்லாத மனிதரிடம் ஒரு வாரம் விட்டு இருமுறை எடுத்தாலே அவ்வளவு ஆடும். ஏறவில்லை, அது போதும் என்று தங்கையிடம் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே ஆய்வகத்தில், அதே பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். ஜனவரி அறிக்கையை வேறு உறையில் போட்டு வையுங்கள், இவற்றோடு சேர்க்க வேண்டாம்.